சகனில் கேட்காத கேள்வி

விஸ்வநத்தம்
6.8.2023

தவுபிக்குக்கு,

மாரிசெல்வி எழுதுவது. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவெடுத்து ஒரு மாதம் ஆகிறது. பதினான்கு தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. எடுத்தால் பதிவு செய்துவிடுவாய் என்ற பயம். அம்மா செத்த மூன்றாம் நாள் நான் உன்னிடம் அழுதது, கல்லூரியில் மூன்று வருஷம் கூடப் படித்தவன் என்று நினைத்து அழுதது. அதை ‘மகளின் கதறல், முழு ஆடியோ’ என்று உன் சேனலில் போட்டாய். நல்லதுக்குத்தான் போட்டேன் என்பாய். அதைக் கேட்டு இரண்டு அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்ததும் உண்மைதான். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று உன் கேமராக்காரர் ஜாபர் சாதிக் காலண்டர் ஆர்டர் கொடுக்க எங்கள் பிரஸ்ஸுக்கு வந்திருந்தார். கட்சித் தலைவர் உனக்குப் பேட்டி கொடுக்கப்போகிறார் என்றார். ஊர் ஊராய்ப் போய் ‘மத்தியானம் என்ன?’ என்று அடுத்தவர் சோற்றைப் படம் பிடிக்கிற உனக்கு! பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அவரிடம் எனக்காக ஒரு கேள்வி கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ‘முழு ஆடியோ’ என்று போட்டுப் பாதியை நீ வெட்டிவிட்டதால் வரிசையாக எழுதுகிறேன்.

அன்றைக்கு அடுத்த வீட்டு சொர்ணலட்சுமி சித்திக்கு சாத்தூரில் ஒரு வளைகாப்பு. பட்டாசுக் கம்பெனியில் சீசன் நேரத்தில் லீவு போட்டால் அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்கள். அதனால் இங்கே எல்லோரும் செய்வதுபோல அம்மா சித்தியின் வேலைக் கார்டை வாங்கிக்கொண்டு சித்திக்குப் பதிலாகப் போனாள். கார்டு வந்தால் போதும், வந்தது யார் என்று போர்மேன் பார்ப்பதில்லை. நான் ஆறு மணிக்கே பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டதால் அம்மா போனது எனக்குத் தெரியாது. எட்டரைக்கு வெடித்தது. நாலு பேர். கம்பெனி கொடுத்த பட்டியலில் சித்தியின் பெயர் இருந்தது. பக்கத்து ஊருக்குக் கூட்டத்துக்கு வந்திருந்த தலைவர் நேரே இங்கே வந்து, மைக்கில் நாலு பெயரையும் வாசித்தார். கார்டு போட்டோக்களைப் பெரிதாக்கி பேனர் அடித்து மாலை போட்டார்கள். அவர் வந்ததால் எல்லாம் வேகமாக நடந்தது, சாயங்காலமே உடல்களைக் கொடுத்துவிட்டார்கள். சித்தியின் வீட்டுக்காரர் கண்ணுச்சாமி சித்தப்பா முதல் நாளே லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனவர். அவர்கள் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அவரிடம். நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு, துணி சுற்றிய உடலை வாங்கி வந்தார். தெருவே கூடி அழுதது. நானும் அழுதேன். அம்மாவைக் காணோமே என்று பார்த்தேன், கூட்டத்தில் எங்காவது இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறரை மணி பஸ்ஸில் சொர்ணலட்சுமி சித்தி கை நிறைய வளையலோடு இறங்கினார். தெரு அவரையே பார்த்தது. அப்புறம் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பெயரை மாற்றச் சொல்லி நாலு தடவை அலுவலகத்துக்கு நடந்துவிட்டோம். தலைவர் தன் வாயால் வாசித்த பெயர், மேலேயிருந்து சொன்னால்தான் மாற்ற முடியும் என்கிறார்கள். எந்தக் காகிதத்திலும் என் அம்மா சாகவில்லை. காணாமலும் போகவில்லை. கேள்வியைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே வாசித்தால் போதும்.

மாரிசெல்வி


விருதுநகர்
11.8.2023

அன்புள்ள செல்வி,

தபால்காரர் உன் கடிதத்தை அத்தாவின் வத்தல் மண்டியில் கொடுத்துவிட்டார். அத்தா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பொம்பளப்பிள்ள கையெழுத்தா இருக்கே” என்று மண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். மூட்டை தூக்குகிற பெத்தணன் அண்ணன் முதல் கணக்குப்பிள்ளை வரை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உன் பேரைச் சொன்னதும் அத்தா உறையை என்னிடம் நீட்டினார். பிறகு, “அந்தப் புள்ள நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆடியோவைப் பற்றி என்ன சொல்ல. போட்டபோது நியாயமாகத்தான் பட்டது. உன் கடிதத்தைப் படித்தபோது படவில்லை. மன்னித்துக்கொள்.

பேட்டி உறுதிதான், இருபதாம் தேதி. நிருபர் ரத்தினசாமி சாருக்கு வயிற்றெரிச்சல். டீக்கடையில் பிடித்துக்கொண்டார். “நீயெல்லாம் பேட்டியாப்பா? தலைவரே, எம்புட்டு இட்லி சாப்பிடுவீகன்னு கேப்ப. வேற என்ன கேக்கத் தெரியும் ஒனக்கு?” என்றார். முப்பது வருஷமாகக் கேள்வி கேட்கிறீர்களே, ஒன்றுக்காவது பதில் வாங்கியிருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் உண்மை அதுதானே? அவர் நோட்டை எடுத்தாலே தலைவரின் ஆட்கள் அடுத்தவரைக் கைகாட்டிவிடுகிறார்கள். அதே தலைவர் என் முன்னால் ஒரு மணி நேரம் உட்காரப்போகிறார். சாப்பிடும்போது மனிதன் இளகுவான், இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலேயே வைக்கிறேன். அம்மா பிறந்த ஊர் வழக்கப்படி சகன் சாப்பாடு. ஒரே பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவது. தலைவர், நான், அத்தா, அவருடைய உதவியாளர். தமிழ்நாட்டில் எந்தச் சேனலும் இப்படிச் செய்ததில்லை. அம்மா இப்போதே கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார்.

உன் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாறினாலும் சீட்டு கூடவே வருகிறது. கண்டிப்பாகக் கேட்பேன்.

தவுபிக்


விஸ்வநத்தம்
15.8.2023

தவுபிக்,

உன் அத்தா கேட்டதற்கு, நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

சித்திதான் நன்றாக இல்லை. அவர் படம் போட்ட பேனர் இன்னும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது, மாலை காய்ந்துபோய் அப்படியே தொங்குகிறது. அதன் முன்னால் நிற்கப் பயந்து அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் பஸ் ஏறுகிறார். எந்தக் கம்பெனியிலும் வேலை கொடுக்கவில்லை, செத்தவருக்கு எப்படிக் கார்டு போடுவது என்கிறார்களாம். தினமும் வந்து எங்கள் வாசல்படியில் உட்காருகிறார். அம்மா செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்கிறார். என்னை நேராகப் பார்ப்பதில்லை. நானும் அவர்மேல் கோபப்படவே இல்லை என்று சொல்லமாட்டேன். சில நாள் அந்த வளையல் சத்தம் கேட்டாலே எனக்கு ஆகவில்லை.

ஒன்றே ஒன்று. சாப்பாட்டை அப்புறம் வை. முதலில் கேட்டுவிடு.

மாரிசெல்வி


விஸ்வநத்தம்
27.8.2023

தவுபிக்,

பார்த்தோம். நாற்பத்தோரு நிமிடம்.

தம்பி மாரிக்கண்ணன் யாரிடமோ டிவி இரவல் வாங்கி வந்து போனோடு இணைத்தான். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில். சித்தி கதவோரம், சித்தப்பா வெளியே. தலைவர் சின்ன வயதில் மாங்காய் திருடியதைக் கேட்டாய். வீட்டில் யார் சமையல் என்று கேட்டாய். நெய்ச்சோற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டாய். அவர் பத்துக்குப் பதினொன்று என்றார், நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவ்வளவு நன்றாகப் பேசினார் மனிதர். எனக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் எனக்கு ஆறவில்லை.

முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் உன் இடது கை சட்டைப் பைக்குப் போனது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். “தலைவரே, இன்னொரு விஷயம்” என்று ஆரம்பித்தாய். அவர் ஒரு கறித்துண்டைப் பிய்த்து, “மொதல்ல சாப்பிடு தம்பி, நீ ஒண்ணுமே சாப்பிடல” என்று உன் வாயில் ஊட்டினார். நீ மென்றாய். அத்துடன் வேறு காட்சி. அடுத்ததில் பாயசம்.

சித்திதான் முதலில் எழுந்தார். “பிள்ள சாப்பிடட்டும், விடு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒன்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். ரத்தினசாமி சாரிடம் சொல், இட்லியைப் பற்றி நீ கேட்கவே இல்லை என்று.

மாரிசெல்வி


விருதுநகர்
3.9.2023

செல்வி,

நாலைந்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நீ சொன்னபடி முதலில் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வந்ததே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். வந்ததும் பசிக்கிறது என்றார். அம்மா சகனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் என்ன முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று. ஒரே சகனில் சாப்பிடுகிறவரைச் சோற்றிலிருந்து கையெடுக்க வைக்கக் கூடாது. அது எங்களுக்குப் பெரிய மரியாதைக்கேடு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சாவைப் பற்றிப் பேசக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலா? சகன் என்றால் படம் பிடிக்க நன்றாக இருக்கும் என்று மட்டுமே பார்த்தேன். சீட்டை எடுக்கப் போனபோது அத்தா முழங்காலால் என்னை இடித்தார். அதே நேரம் தலைவர் ஊட்டினார். வாயில் கறி, கையில் உன் சீட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக எதையும் மென்றதில்லை.

கை கழுவின பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். கழுவும்போதே ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். மாடிப்படியில் ஓடிப்போய், “தலைவரே, விஸ்வநத்தத்துல ஒரு பேரு தப்பாப்போச்சு” என்றேன். கேமரா இல்லை. அவர் நின்றார், என் தோளில் கைவைத்தார். “எழுதிக் குடு தம்பி, பாத்துக்கிடலாம்” என்றார். சீட்டைக் கொடுத்தேன். உதவியாளர் வாங்கிப் பையில் வைத்தார். அவர் பையில் ஏற்கெனவே அந்த மாதிரி இருபது சீட்டு இருந்தது.

ரத்தினசாமி சார் என்றால் உட்காரும்முன் கேட்டிருப்பார். ஆனால் அவரை உட்காரவே விட்டிருக்க மாட்டார்களே? கேட்கத் தெரிந்தவரைக் கிட்டே விடுவதில்லை, கிட்டே போன எனக்குக் கேட்க வரவில்லை. இதற்கு என்ன செய்வது, நீயே சொல்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சித்தியைக் கேமரா முன்னால் உட்கார வைப்போம், அந்த பேனருக்குப் பக்கத்திலேயே. செத்தவரே பேசுகிறார் என்று போட்டால் ஐம்பது லட்சம் பேர் பார்ப்பார்கள். அப்போது மாற்றித்தானே ஆக வேண்டும்?

தவுபிக்


விஸ்வநத்தம்
12.9.2023

தவுபிக்,

சித்தி உட்காரமாட்டார். நானும் விடமாட்டேன். தன் படத்துக்கே மாலை போட்டதைப் பார்த்தவரை அதன் பக்கத்தில் நிறுத்தி வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? அதோடு, கார்டு மாற்றிப் போவது வெளியே தெரிந்தால் இந்தப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு வேலை போகும். உன் பார்வையாளர்களா வந்து சோறு போடுவார்கள்?

ரத்தினசாமி சார் போன வாரம் வந்தார். கேமரா இல்லை, நோட்டுகூட எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுதினால் போடமாட்டார்கள், ஆனாலும் எழுதுவேன் என்று சொல்லிப் போனார். போட்ட மாதிரி தெரியவில்லை.

யார் நல்ல பேட்டிக்காரர் என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. இனி யாரிடமும் எதுவும் கேட்கவும் வேண்டாம். எனக்கு உன்னிடம் இருக்கிற ஒன்று மட்டும் போதும். இரண்டு வருஷம் முன்னால் தீபாவளி சீசனில் ‘மத்தியானம் என்ன?’ எடுக்க நான்தானே உன்னை அம்மா வேலைபார்த்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதென்று கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினாய். அம்மாவின் குரல் இருப்பது அது ஒன்றில்தான். அப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் நல்ல போன் கிடையாது.

நேற்று அம்மா நினைப்பு தாங்காமல் அதைத் தேடினேன். உன் சேனலில் காணோம். நான் அழுத ஆடியோவும் இல்லை, அது போனதில் நிம்மதிதான். மற்றதை எங்கே வைத்திருக்கிறாய்? பென்டிரைவில் போட்டு அனுப்பு. அதற்காக உன்னோடு போனில் பேசவும் தயார்.

செல்வி


விருதுநகர்
1.10.2023

செல்வி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீ கேட்ட வீடியோ என்னிடம் இல்லை.

பேட்டிக்கு மூன்று நாள் முன்னால் அவர்கள் தரப்பில் ஒருவர் பேசினார். சேனலில் பட்டாசு சம்பந்தமாக எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் தலைவர் வருவார் என்றார். மறைத்து வைக்கச் சொல்லி ஜாபரிடம் சொன்னேன். அவன் அழித்துவிட்டான். அவனைத் திட்டி என்ன செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன், நெய்ச்சோற்றுக்கு எத்தனை படி அரிசி என்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டு. எடுத்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு இருபது ஊர் எடுத்தாகிவிட்டது. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் லிங்க்தான் இருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனியில் கார்டைக் கொடுத்துப் பார்த்தேன், அதற்காகத்தான் இத்தனை நாள். அவர்களாலும் முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை.

உன் அம்மா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கை முழுக்க வெடிமருந்தின் சாம்பல் நிறம், நகக்கண்ணில் மட்டும் கழுவியும் போகவில்லை. டப்பாவில் புளிச்சோறு, பொரித்த வத்தல். சாப்பிடச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன்.

“மத்தியானம் என்னம்மா?” என்று கேட்டேன்.

“பாத்தாத் தெரியலயா? காலைல உள்ளதுதான் மத்தியானமும். ராத்திரிக்கு மட்டும் மாத்துவோம்.”

“என்ன மாத்துவீக?”

“டப்பாவ.” சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள்.

பயமா இல்லையா என்று கேட்டேன். பயந்தா கை நடுங்கும், கை நடுங்கினாத்தான் ஆபத்து என்றார்கள். மகளைப் பற்றிக் கேட்டேன். “கம்ப்யூட்டர்ல வேல. வெயில் படாத வேல” என்று உன்னைக் கைகாட்டினார்கள். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டாய். கடைசியாகத்தான் பெயர் கேட்டேன், எப்போதும் முதலில் கேட்பேன், அன்றைக்கு மறந்துவிட்டேன்.

“ஒங்க பேரு என்னம்மா?”

“எந்தப் பேரு? இன்னைக்குக் கார்டுல உள்ளதா, எங்கய்யா வச்சதா?”

“அய்யா வச்சது.”

“அப்படின்னா இருளம்மா.”

அவ்வளவுதான் செல்வி. பதினோரு நிமிடம் ஓடியது. நாலாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை.

தவுபிக்


விஸ்வநத்தம்
9.10.2023

தவுபிக்,

கடிதம் கிடைத்தது. சித்திக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கார்டு என்ற இடம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மழையில் அந்த பேனர் கிழிந்து விழுந்துவிட்டது. பட்டியல் மாறவில்லை.

அம்மா பேசியதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். குரல் கேட்கிற மாதிரி இருந்தது. இதை அம்மாவின் கார்டு வைக்கிற பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதியிருக்கிறாய். மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான், எனக்குத் தெரியும். அம்மா சாப்பிடச் சொன்னபோது நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. டப்பா மூடியில் பாதிச் சோற்றை வைத்து உன்னிடம் நீட்டினாள். நீ வாங்கிச் சாப்பிட்டாய், வத்தல் இன்னொன்று கேட்டும் வாங்கினாய். பயமா இல்லையா என்று நீ கேட்டது சாப்பிட்டுக்கொண்டேதான். அவளும் கையை நிறுத்தவில்லை.

என் அம்மாவிடம் பெயரைக் கேட்டபோதும் உன் வாயில் சோறு இருந்தது, தவுபிக்.

செல்வி